விதியா? விதி மீறலா? சுரங்கத்தில் சாவைத் தடுக்கும் வழிகள்

சுரங்கத்தின் வாசலில் ஒரு மரப்பலகை. பலகை நிறைய ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு டோக்கன். ஒவ்வொரு டோக்கனிலும் ஓர் எண்.

சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளி தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான். வேலை முடிந்து மேலே வந்ததும் அதைத் திரும்ப ஆணியில் மாட்டுவான்.

ஷிப்டு முடிந்த பிறகு ஏதாவது ஓர் ஆணி காலியாக இருந்தால், அந்த எண்ணுக்கு உரிய மனிதன் இன்னும் பூமிக்கு அடியில் இருக்கிறான் என்று பொருள். உடனே அவனைத் தேடி ஆட்கள் கிளம்புவார்கள்.

பல நாட்டுச் சுரங்கங்களில் பல தலைமுறைகளாக இருந்துவந்த பழக்கம் இது. இப்பொழுது பல இடங்களில் பித்தளை டோக்கனுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் அட்டை வந்துவிட்டது. ஆனால் நோக்கம் ஒன்றுதான். உள்ளே போனவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்தாக வேண்டும்!

வராமல் போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர்.

அப்படி ஒருவன் இறந்தால், "அவன் தலைவிதி!" என்று சொல்லி ஊர் அழும். அழுதுவிட்டு அடுத்த நாள் வேறு ஒருவன் அதே டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போவான்.

அது தலைவிதிதானா?

தமிழில் "விதி" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தலையில் எழுதியதாகச் சொல்லப்படும் விதி. மற்றொன்று, சட்டப் புத்தகத்தில் எழுதிய விதி. சுரங்கச் சாவுகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். முதல் விதியால் செத்தவர்கள் என்று கருதப்பட்டவர்களில் பெரும்பாலோர், இரண்டாவது விதி இல்லாததால் அல்லது மீறப்பட்டதால் செத்தவர்கள்!

ஒரே வாசல்!

1862-ம் ஆண்டு. இங்கிலாந்தின் வடக்கே ஹார்ட்லி என்ற ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது.

அந்தச் சுரங்கத்துக்குக் கிணறு போல ஒரே ஒரு வாய்தான். ஆட்கள் இறங்குவதும் அதன் வழியே. நிலக்கரி மேலே வருவதும் அதன் வழியே. காற்று போவதும் வருவதும்கூட அதன் வழியேதான்.

அந்தக் கிணற்றின் மேலே தண்ணீர் இறைக்கும் பெரிய நீராவி எந்திரம் இருந்தது. அதன் இரும்பு உத்தரத்தின் எடை சுமார் 42 டன்.

ஜனவரி 16-ந் தேதி அந்த உத்தரம் திடீரென்று இரண்டாக முறிந்தது. ஒரு பாதி அப்படியே கிணற்றுக்குள் விழுந்தது. போகும் வழியில் இருந்த மரச்சட்டங்களையும் கற்களையும் பெயர்த்துக்கொண்டு போய்க் கிணற்றை அடைத்துவிட்டது.

ஷிப்டு மாறும் நேரம் அது. உள்ளே இரண்டு ஷிப்டு ஆட்களும் இருந்தார்கள்.

மேலே இருந்தவர்கள் இரவு பகலாக அடைப்பை அகற்றினார்கள். மனைவிமார்களும் தாய்மார்களும் பனியில் நின்றபடி காத்திருந்தார்கள். 6 நாட்களுக்குப் பிறகு உள்ளே போய்ப் பார்த்தபோது ஒருவர்கூட உயிரோடு இல்லை. விஷக் காற்று எல்லோரையும் கொன்றுவிட்டது. தகப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள்.

இறந்தவர்கள் மொத்தம் 204 பேர். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு வாசல் இருந்திருந்தால், அடைபட்டிருந்தவர்கள் அதன் வழியே நடந்தே வெளியே வந்திருப்பார்கள்!

அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. "ஒவ்வொரு சுரங்கத்துக்கும் வெளியேறும் வழி இரண்டாவது இருக்க வேண்டும்" என்பதே அந்தச் சட்டம். இன்று உலகம் முழுவதும் சுரங்கப் பாதுகாப்பின் முதல் பாடம் இதுதான்.

அந்த ஒரு வரிச் சட்டத்தின் விலை 204 உயிர்கள்!

விளக்கே எமன்!

சுரங்கத்துக்குள் சூரிய வெளிச்சம் கிடையாது. விளக்கு வேண்டும். அந்தக் காலத்தில் விளக்கு என்றால் மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும்தான்.

ஆனால் நிலக்கரிக்குள் ஒரு வாயு ஒளிந்திருக்கிறது. அதற்கு மீத்தேன் என்று பெயர். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நிலக்கரியை வெட்ட வெட்ட அது கசிந்து வெளியே வரும். காற்றைவிட லேசானது ஆகையால் சுரங்கத்தின் கூரையில் போய்த் தங்கும்.

100 பங்கு காற்றில் இந்த வாயு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்துவிட்டால் போதும். ஒரு சிறு பொறி பட்டாலும் வெடித்துவிடும்!

1812-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் பெல்லிங் என்ற ஊரில் இப்படி ஒரு வெடி விபத்து நடந்தது. 92 பேர் பலியானார்கள்.

அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன். செத்தவர்களை அடக்கம் செய்தவர் அவர். அடக்கம் செய்ததோடு அவர் நின்றுவிடவில்லை. நடந்ததை எல்லாம் எழுதி வெளியிட்டார். "இதற்கு ஒரு வழி காண வேண்டும்" என்று பாடுபட்டார்.

1815-ல் ஹம்ப்ரி டேவி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியிடம் இந்தப் பிரச்னை போய்ச் சேர்ந்தது. சில மாதங்களிலேயே அவர் வழி கண்டுபிடித்தார்.

விளக்கின் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலையை அமைத்தார். வெளியே உள்ள வாயு வலைக்குள் வந்து எரியலாம். ஆனால் அந்த நெருப்பு வலையைத் தாண்டி வெளியே போகாது. ஏனென்றால் கம்பி வலை சூட்டை உறிஞ்சிவிடும். சூடு குறைந்தால் வெளியே உள்ள வாயு பற்றாது.

இதுதான் "டேவி விளக்கு". அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. வாயு இருக்கும் இடத்தில் சுடரைச் சுற்றி நீல நிறம் தோன்றும். அதைப் பார்த்தே ஆபத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

டேவி இந்த விளக்குக்குக் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ரெயில் என்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் ஏறக்குறைய அதே சமயத்தில் தனியாக ஒரு பாதுகாப்பு விளக்கைச் செய்தார்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை.

"பாதுகாப்பு விளக்குதான் வந்துவிட்டதே!" என்று, முன்பு ஆபத்து என்று கைவிட்ட இடங்களில் எல்லாம் வெட்ட ஆரம்பித்தார்கள். காற்று வசதியைச் சரி செய்யவில்லை. வலை கிழிந்த விளக்குகளையும் பயன்படுத்தினார்கள். விளைவு? விளக்கு வந்த பிறகும் வெடி விபத்துகள் தொடர்ந்தன!

ஒரு நல்ல கருவி வந்தால் மட்டும் போதாது. அதை நம்பி மற்ற காவலைக் கைவிட்டால் அந்தக் கருவியே ஆளைக் கொன்றுவிடும். இது இரண்டாவது பாடம்.

இன்று சுரங்கத்தில் பேட்டரி விளக்குகள் உள்ளன. மீத்தேனை அளக்க எலக்ட்ரானிக் கருவிகள் உள்ளன. இந்தியச் சுரங்க விதிப்படி, காற்றில் மீத்தேன் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கைத் தாண்டினால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வெடிக்கும் அளவு 5 பங்கு. அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். பீடி, சிகரெட், தீப்பெட்டியை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டு போகக் கூடாது என்று வாசலிலேயே சோதனை போடுவதும் இதனால்தான்.

தூசி வெடிக்குமா?

வெடிக்கும்!

அடுப்பில் போட்டால் கரித்துண்டு மெதுவாக எரிகிறது. அதையே மாவு போலப் பொடி செய்து காற்றில் பறக்கவிட்டால், கண் மூடித் திறப்பதற்குள் மொத்தமும் பற்றிவிடும்.

1906-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி பிரான்ஸ் நாட்டில் கூரியேர் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. ஓர் இடத்தில் கிளம்பிய நெருப்பு அங்கே படிந்திருந்த கரித்தூசியைக் கிளப்பியது. அந்தத் தூசி வெடித்து மேலும் தூசியைக் கிளப்பியது. இப்படியே நெருப்பு பல மைல் நீளச் சுரங்கப் பாதைகளில் ஓடியது.

1,099 பேர் மாண்டார்கள். ஐரோப்பாவின் சுரங்க வரலாற்றிலேயே மிகப் பெரிய விபத்து அது.

இனி யாரும் உயிரோடு இருக்க முடியாது என்று சில நாட்களில் தேடுவதைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் 20 நாள் கழித்து 13 பேர் இருட்டிலிருந்து தாங்களாகவே நடந்து வெளியே வந்தார்கள்! உள்ளே செத்துக்கிடந்த குதிரையின் இறைச்சியைத் தின்று உயிர் பிழைத்திருந்தார்கள். அதற்குச் சில நாள் கழித்து இன்னும் ஒருவர் வந்தார்.

"ஆள் இருக்க மாட்டான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே" என்று மீட்புப் படைகளுக்கு அந்த 14 பேரும் பாடம் சொன்னார்கள்.

கரித்தூசிக்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து என்ன தெரியுமா? சுண்ணாம்புக் கல்லைப் பொடி செய்த வெறும் கல்தூள்!

சுரங்கப் பாதையில் இந்தக் கல்தூளைத் தாராளமாகத் தூவி வைப்பார்கள். வெடிப்பு நேர்ந்தால் கரித்தூசியோடு கல்தூளும் கிளம்பும். கல்தூள் எரியாது. சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். நெருப்பு மேலே பரவ முடியாமல் அடங்கும். தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவதும் ஒரு வழி.

கல்தூள் விலை அதிகமில்லை. ஆனால் விடாமல் தூவ வேண்டும். இந்தியாவில் 1965-ம் ஆண்டு மே மாதம், அன்றைய பீகாரில் (இன்றைய ஜார்கண்டில்) தோரி நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 268 பேர் இறந்தார்கள். அங்கேயும் பரவிய நெருப்புக்குத் தீனி கரித்தூசிதான். கூரியேர் விபத்து நடந்து 59 ஆண்டு கழித்து!

உயிர் காத்த குருவி

வெடிப்பில் தப்பியவனையும் விடாமல் கொல்லும் எமன் ஒன்று உண்டு. அதுதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. நெருப்புக்கும் வெடிப்புக்கும் பிறகு அது உண்டாகிறது. அதையும் கண்ணால் காண முடியாது. மூக்கால் உணர முடியாது. மயக்கம் வருவது தெரிவதற்குள் கால்கள் துவண்டுவிடும்.

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் அறிஞர், வெடி விபத்துகளில் செத்தவர்களைப் பற்றி 1890-களில் ஆராய்ந்தார். நெருப்பிலும் அடியிலும் செத்தவர்களைவிட இந்த விஷ வாயுவால் செத்தவர்களே அதிகம் என்று கண்டார்.

அவர் சொன்ன யோசனை விசித்திரமானது. "சிறு பிராணிகளை உள்ளே கொண்டு போங்கள்!"

அப்படித்தான் "கானரி" என்ற மஞ்சள் குருவி சுரங்கத்துக்குள் போயிற்று. அதன் உடல் சிறியது. மூச்சு வேகமானது. ஆகையால் விஷக் காற்று மனிதனைத் தாக்குவதற்கு முன் குருவியைத் தாக்கும். குருவி தள்ளாடிக் கீழே விழுந்தால், மனிதர்கள் உடனே திரும்பி ஓடிவர வேண்டும்.

குருவியைக் கைவிட்டுவிட்டு அவர்கள் ஓடவில்லை. சில கூண்டுகளில் சிறிய பிராணவாயு உருளையும் இருக்கும். விழுந்த குருவிக்கு அதைத் திறந்துவிட்டுப் பிழைக்க வைப்பார்கள்!

பிரிட்டனில் 1986 வரை குருவிகள் இந்த வேலையைச் செய்தன. பிறகு எலக்ட்ரானிக் கருவிகள் அந்த இடத்துக்கு வந்தன.

இன்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் இடுப்பில் ஒரு சிறு பெட்டி தொங்கும். அதற்குச் "சுய மீட்புக் கருவி" என்று பெயர். விஷக் காற்று வந்தால் அதை வாயில் பொருத்திக்கொண்டு மூச்சு விட்டபடி வெளியே வரலாம். ஆனால் பதற்றத்தில் முதல் தடவையாக அதைத் திறந்தால் கை நடுங்கும். ஆகையால் அடிக்கடி பழகிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைக்கு மேல் கத்தி

வெடி விபத்துகள் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருகின்றன. ஆனால் நிலத்தடிச் சுரங்கங்களில் ஒருவர் இருவராகப் பல உயிர்களைக் குடிப்பது வேறு ஒன்று. அது கூரை சரிவது.

அனுபவசாலிகள் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். "கணீர்" என்று ஒலித்தால் பாறை உறுதியாக இருக்கிறது. "டொப்" என்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. அந்த இடத்தில் நிற்கவே கூடாது. தொங்கும் கல்லை நீளமான கம்பியால் தள்ளி நின்று முதலில் கீழே தள்ள வேண்டும்.

முன்பு மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். இப்பொழுது கூரையில் துளை போட்டு நீண்ட இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, சிமெண்ட் அல்லது பசையால் இறுக்குகிறார்கள். தனித்தனி அடுக்காக உள்ள பாறைகளை ஒரே பலகை போலச் சேர்த்துத் தைத்துவிடுவதற்குச் சமம் இது. பெரிய எந்திரச் சுரங்கங்களில் இரும்புத் தூண்கள் தாமாகவே நகர்ந்து கூரையைத் தாங்குகின்றன.

கூரை சரியும் விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் தவறு ஒன்று உண்டு. "இன்னும் நான்கு கூடை அள்ளிவிட்டு முட்டுக் கொடுக்கலாம்" என்ற நினைப்புதான் அது. அந்த நான்கு கூடைதான் எமன்!

கோலாரின் கதை

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மறக்க முடியாத பெயர் கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே போய்க் குடியேறினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டினார்கள்.

கோலாரில் சாம்பியன் ரீப் என்ற சுரங்கம் 10 ஆயிரம் அடிக்கும் அதிகமான ஆழம் உடையது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது விளங்கியது.

அவ்வளவு ஆழத்தில் பாறையின் மீது இருக்கும் பாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. தங்கப் பாறையை வெட்டி எடுத்த இடம் வெற்றிடம் ஆகிறது. அந்த இடம் தாங்கிய பாரம் பக்கத்துப் பாறையின் மேல் விழுகிறது. தாங்க முடியாத நிலை வந்ததும் பாறை வெடி வைத்தது போலத் திடீரென்று சிதறும். அந்த அதிர்ச்சி தரைக்கு மேலே வீடுகளிலும் தெரியும். வீட்டில் பாத்திரம் அதிர்ந்தால், கணவன் எந்த ஷிப்டில் இருக்கிறான் என்பதுதான் மனைவிக்கு முதல் நினைவு.

இதற்கும் வழி தேடினார்கள். மர முட்டுக்குப் பதிலாகக் கருங்கல் சுவரால் வெற்றிடத்தை நிரப்பினார்கள். பிறகு கான்கிரீட்டும் வந்தது. எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது, எதைப் பிறகு வெட்டுவது என்ற வரிசையையும் திட்டமிட்டார்கள். பூமியின் மெல்லிய அதிர்ச்சிகளைப் பதிவு செய்யும் கருவிகளையும் பொருத்தினார்கள். பாறைகளைப் பற்றி ஆராயும் தேசிய ஆராய்ச்சி நிலையம் 1988-ல் கோலாரில்தான் நிறுவப்பட்டது.

2001-ம் ஆண்டு கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் போய்விட்டது. உயிர் கொடுத்துக் கற்ற பாடம் மட்டும் மற்றச் சுரங்கங்களுக்குப் பயன்படுகிறது.

வெள்ளம் வந்தது!

1975-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி. தன்பாத் பக்கத்தில் உள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கம். பகல் ஷிப்டு நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சுரங்கத்துக்கு மேல்பகுதியில் பழைய சுரங்கம் ஒன்று இருந்தது. கைவிடப்பட்ட அந்தச் சுரங்கத்தில் ஏராளமான தண்ணீர் தேங்கி நின்றது. இரண்டுக்கும் நடுவே இருந்த தடுப்பு உடைந்தது. வெள்ளம் பாய்ந்தது.

370-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். அடைபட்டவர்களில் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. தண்ணீரை இறைத்து உடல்களை எடுக்கவே பல நாட்கள் ஆயின. முகம் அடையாளம் தெரியாத நிலையில், விளக்கின் எண்ணையும் பெல்ட்டையும் பார்த்து யார் என்று கண்டார்கள்.

பழைய சுரங்கத்தில் நிற்கும் தண்ணீர், தூங்கும் பாம்பு போன்றது. அது எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் தப்பலாம். அதற்கு வேண்டியது வரைபடம். பழைய சுரங்கம் எது வரை வெட்டப்பட்டது என்று வரைபடத்தில் துல்லியமாகக் குறித்து, பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் நிற்கும் இடத்துக்கு 60 மீட்டர் (சுமார் 200 அடி) தூரத்துக்குள் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று இந்திய நிலக்கரிச் சுரங்க விதி சொல்கிறது. அனுமதி பெற்றாலும், முன்னால் நீளமாகச் சிறு துளை போட்டுப் பார்த்துக்கொண்டேதான் முன்னேற வேண்டும். துளையில் தண்ணீர் கசிந்தால், அதோடு நிறுத்த வேண்டும்.

ஒரு வரைபடம் தவறினால் ஒரு கிராமத்தின் ஆண்கள் மொத்தமும் அழியக்கூடும்!

இரும்புக் கூண்டில் இறங்கிய வீரர்

1989-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் பகுதியில் உள்ள மகாவீர் சுரங்கத்திலும் இதே போல வெள்ளம் புகுந்தது.

உள்ளே 200-க்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். பலர் அவசரமாக மேலே கொண்டுவரப்பட்டனர். 71 பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் 6 பேர் வெள்ளத்தில் மாண்டார்கள். மீதி 65 பேர் மேடான ஓர் இடத்தில் ஒதுங்கி நின்றார்கள்.

ஜஸ்வந்த் சிங் கில் என்ற எஞ்சினீயர் ஒரு யோசனை சொன்னார். "மேலிருந்து அகலமான துளை போடுவோம். ஓர் ஆள் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டு செய்து அதன் வழியே இறக்குவோம்!"

துளையின் அகலம் 22 அங்குலம்தான். கூண்டு அவசர அவசரமாகச் செய்யப்பட்டது. அதில் யார் இறங்குவது? கில் தாமே இறங்கினார்!

கீழே போய் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி அனுப்பினார். 65 பேரும் மேலே வந்தார்கள். நவம்பர் 16-ந் தேதி காலை, கடைசியாகக் கில் வந்தார். உயிர் காத்த வீரத்துக்காக அவருக்கு 1991-ல் இந்திய அரசின் உயர்ந்த விருது கிடைத்தது. 2019-ல் அவர் காலமானார்.

2010-ம் ஆண்டு தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலும் இப்படி ஒரு மீட்பு நடந்தது. பூமிக்கு அடியில் 2 ஆயிரம் அடிக்கும் கீழே அடைபட்ட 33 பேர், 69 நாள் கழித்து இதே போன்ற கூண்டு வழியே வெளியே வந்தார்கள். உலகமே கைதட்டியது.

ஆனால் கைதட்டலில் ஒரு செய்தி மறைந்துபோயிற்று. சுரங்கம் இடிந்த சமயத்தில், காற்றுப் போகும் துளை வழியே ஏறித் தப்பிவிட அந்தத் தொழிலாளர்கள் முயன்றார்கள். பாதியில் நின்றுபோனார்கள். காரணம்? அங்கே மேலே வரை இருக்க வேண்டிய ஏணி இல்லை!

ஏணி இருந்திருந்தால் 69 நாள் போராட்டம் தேவைப்பட்டிருக்காது. வீரம் பெரியதுதான். ஆனால் வீரத்துக்கு வேலை வைக்காத ஏணி அதைவிடப் பெரியது!

வானம் தெரியும் சுரங்கம்

சுரங்கம் என்றால் இருட்டு என்று எண்ண வேண்டாம். இன்று இந்தியாவின் நிலக்கரியில் மிகப் பெரும் பங்கு திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதும் இப்படித்தான். மேலே உள்ள மண்ணை ராட்சத எந்திரங்கள் வாரி எடுக்கின்றன. கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேலே பீறிட முயலும். ஆகையால் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். கல் குவாரிகளும் திறந்தவெளிச் சுரங்கங்களே.

இங்கே வாயுவின் ஆபத்து குறைவு. ஆனால் வேறு எமன்கள் உண்டு.

ஒன்று, சரிவு. பள்ளத்தின் சுவரை நேர் செங்குத்தாக வெட்டினால் ஒரு நாள் அது சரியும். மாடிப்படி போல அகலமான படிகள் விட்டு வெட்ட வேண்டும். மழைக்குப் பிறகு மேல் விளிம்பில் வெடிப்புக் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது.

இரண்டு, லாரி. ராட்சத லாரியின் டிரைவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் கண்ணில் படமாட்டான். பின்னால் வரும்போது ஆளை நசுக்கிவிடும். பின்னால் நகரும்போது ஒலிக்கும் மணி, கேமரா, ஆட்கள் நடப்பதற்குத் தனிப் பாதை, விளிம்பில் மண் வரப்பு ஆகியவை அவசியம்.

மூன்று, வெடி. வெடி வைக்கும் முன் சங்கு ஊத வேண்டும். எல்லோரும் விலகிவிட்டார்கள் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சில தோட்டாக்கள் வெடிக்காமல் தங்கிவிடும். வெடிக்காத துளையைத் தோண்டவோ கிண்டவோ கூடாது. உரிமம் பெற்ற வெடிகாரர் வந்து பார்க்கும் வரை அந்தப் பக்கம் போகக் கூடாது.

குறைக்க முடியுமா?

முடியும். உலகம் செய்து காட்டியிருக்கிறது.

1907-ம் ஆண்டு அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கங்களில் மட்டும் 3,242 பேர் இறந்தார்கள். 2016-ம் ஆண்டு அதே நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தவர்கள் 8 பேர். வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. சட்டம், கண்காணிப்பு, பயிற்சி, நல்ல எந்திரங்கள் எல்லாம் சேர்ந்துதான் சாவைக் குறைத்தன.

இந்தியாவிலும் சட்டங்கள் இருக்கின்றன. 1952-ல் சுரங்கச் சட்டம் வந்தது. 1966-ல் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்ற விதிகள் வந்தன. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் பலவற்றை ஒன்று சேர்த்து 2020-ல் புதிய தொகுப்புச் சட்டம் நிறைவேறியது. சுரங்கங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் தலைமை அலுவலகம் தன்பாத்தில் இருக்கிறது.

சட்டம் இருந்தும் ஏன் சாகிறார்கள்?

கேட்க ஆள் இல்லாத இடத்தில் சட்டம் தூங்குகிறது. கூரை சரியில்லை என்று தெரிந்தும் வாய் திறக்காத தொழிலாளி. "இன்றைய கணக்கு முடியட்டும்" என்று சொல்லும் மேஸ்திரி. செலவு மிச்சம் என்று எண்ணும் முதலாளி. பயிற்சி இல்லாமல் நேற்று வந்து சேர்ந்த கான்டிராக்ட் ஆள். இந்த நால்வரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே விபத்து நடக்கும்.

ஒவ்வொரு ஷிப்டிலும் ஆட்களை வேலையில் இறக்குவதற்கு முன், பொறுப்பாளர் வாயுவையும் கூரையையும் சோதிக்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களில் அவரைச் "சர்தார்" என்பார்கள். அவர் "வேண்டாம்" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு இருக்கக் கூடாது.

கடும் ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும் என்று, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1995-ல் நிறைவேற்றிய சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை கூறுகிறது. அப்படி விலகுகிறவன் கோழை அல்ல. பின்னால் வரும் பத்துப் பேரைக் காப்பாற்றுகிறவன்!

மயிரிழையில் தப்பிய சம்பவத்தையும் மறைக்கக் கூடாது. இன்று ஆள் இல்லாத இடத்தில் விழுந்த கல், நாளை ஆள் இருக்கும் இடத்தில் விழும். இன்றே சொல்லிவிட்டால் நாளைய சாவு தடுக்கப்படும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

சுரங்கத்திலும் குவாரியிலும் வேலை செய்பவரின் வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு.

"பயிற்சி கொடுத்தார்களா? தலைக்கவசமும் பூட்சும் கொடுத்தார்களா? வெளியே வர இரண்டாவது வழி எது என்று தெரியுமா?" இந்த மூன்று கேள்விகளையும் மனைவி கேட்கலாம். படிக்கும் மகள் கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாவிட்டால், மறுநாள் வேலை இடத்தில் அவரே கேட்பார்.

இரவு ஷிப்டுக்குப் போகிறவரைப் பகலில் தூங்கவிட வேண்டும். தூக்கம் இல்லாத கண்ணுக்குக் கூரையின் விரிசல் தெரியாது. குடித்துவிட்டு வேலைக்குப் போக விடக் கூடாது. காய்ச்சலோடு ஒரு நாள் கூலிக்காக இறங்குவதையும் தடுக்க வேண்டும். ஒரு நாள் கூலியை மறுநாள் சம்பாதிக்கலாம்.

ஹார்ட்லியில் 204 பேர் மடிந்த பிறகுதான் இரண்டாவது வாசல் வந்தது. கூரியேரில் ஆயிரம் பேர் எரிந்த பிறகுதான் கல்தூளின் அருமை தெரிந்தது. அந்தப் பாடங்கள் எல்லாம் இன்று புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை இன்னொரு தடவை உயிர் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை.

நாளைக் காலையிலும் சுரங்க வாசலில் டோக்கன்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் உள்ளே போவார்கள். மாலையில் ஷிப்டு முடிந்து சங்கு ஊதும்.

அப்பொழுது அந்தப் பலகையில் ஓர் ஆணிகூடக் காலியாக இருக்கக் கூடாது!